மனநோய்க்கு மருந்தும் உண்டு, உரிமையும் உண்டு

(கோயில் மண்டபம் ஒன்றில் குடும்பங்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வக்கீல் வந்திருக்கிறார், பிறப்புப் பத்திரம், வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்தது மனநோயைப் பற்றி. இதுவும் நம் உரிமைப் பிரச்சினைதான்.

2023க்கு முன் ஒரு நள்ளிரவில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசியவர் ஒரு லோரி ஓட்டுநரின் மனைவி. கணவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருக்கிறார், இன்னும் மூச்சு இருக்கிறது. அந்த அம்மா ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டார். "சார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா போலீஸ் கேஸ் ஆயிடுமா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அது வீண் பயமல்ல. அப்போது தண்டனைச் சட்டம் 309ஆவது பிரிவின் கீழ் தற்கொலை முயற்சி குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "முதலில் 999க்கு அடியுங்கள் அம்மா, கேஸை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் என்னிடம் பேசுவதில் போன அந்தச் சில நிமிடங்கள் இன்றும் என் மனதை உறுத்துகின்றன.

அந்தச் சட்டப் பிரிவை 2023இல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. உயிரை மாய்க்க முயல்பவர் இன்று குற்றவாளி அல்ல, நோயாளி. அவரைக் காப்பாற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் அதிகாரம் தீயணைப்புப் படையினருக்கும் தரப்பட்டுள்ளது. இதைப் பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். கேஸுக்குப் பயந்து யாரும் ஓர் உயிரைத் தாமதப்படுத்தக் கூடாது.

அந்த ஓட்டுநரின் கதை அன்றிரவு தொடங்கவில்லை. பல மாதங்களாக அவருக்குத் தூக்கமில்லை. சாப்பாடு குறைந்தது. வேலைக்குப் போவது நின்றது. வீட்டில் செய்வினை என்றார்கள், கடன் வாங்கிப் பரிகாரம் செய்தார்கள். அக்கம்பக்கத்தில் 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று சிரித்தார்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறந்த மருத்துவமனையின் ஊர்ப் பெயரை நாம் இன்னும் வசைச் சொல்லாக வைத்திருக்கிறோம். அரசாங்கத்தின் சுகாதார ஆய்வின்படி மனச்சோர்வால் பாதிக்கப்பட்டவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு. 2023இல் 4.6 விழுக்காடு. அதாவது சுமார் பத்து லட்சம் பேர். இவர்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் இல்லையா? சிந்தியுங்கள்.

நல்ல மனநல சேவை எப்படி இருக்க வேண்டும்?

முதலாவது, அது வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்க வேண்டும். முதல் வாசல் அரசாங்க கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. தேவைப்பட்டால் அவர்களே நிபுணரிடம் அனுப்புவார்கள். சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள் சிகிச்சையோடு, நோயாளி மீண்டும் வேலைக்குப் போகவும் உதவுகின்றன.

இரண்டாவது, நம் மொழியில் இருக்க வேண்டும். மனதில் உள்ள வலியைத் தெரியாத மொழியில் எப்படிச் சொல்வது? தமிழ் தெரிந்த ஊழியர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெற்றோரின் அந்த வலியைச் சுமக்கும் வயது அதற்கில்லை.

மூன்றாவது, மருந்து நிற்கக் கூடாது. கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்துவதால்தான் பலர் மறுபடி விழுகிறார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். சாமியையும் கும்பிடுங்கள், மருந்தையும் கொடுங்கள்.

நான்காவது, மரியாதை. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, விரும்பாத ஒருவரை உறவினர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமானால் உறவினரின் விண்ணப்பமும், நேரில் பரிசோதித்த டாக்டரின் பரிந்துரையும் வேண்டும். நினைத்தபடி அடைத்து வைக்க யாருக்கும் உரிமையில்லை. வீட்டில் கட்டிப் போடுவதும் தவறுதான் ஐயா. பயத்தில்தான் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் உதவி கேளுங்கள், கயிற்றைத் தேடாதீர்கள்.

ஐந்தாவது, பிழைப்பு. நீண்ட நாள் மனநோய் உள்ளவர் சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 'மனம்' என்பதும் அதில் ஒரு பிரிவு. சொக்சோ சந்தா போதிய அளவு கட்டிய தொழிலாளி, 60 வயதுக்குள் நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனால், இயலாமை ஓய்வூதியம் கேட்கலாம். மனநோய் என்பதற்காக ஒதுங்கிப் போகாதீர்கள். பாரத்தை நிரப்பத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள்.

நாமும் சும்மா இருக்கக் கூடாது. உங்கள் வட்டார கிளினிக்கில் தமிழ் பேசும் ஆலோசகர் இல்லையென்றால், பத்துக் குடும்பங்கள் கையெழுத்திட்டு மனு கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கேட்காமல் நமக்கு எது கிடைத்தது?

இரண்டு எண்களை இன்றே வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை 15555. ஆபத்து என்றால் 999.

அந்த ஓட்டுநர் இன்று மறுபடி லோரி ஓட்டுகிறார். மாதந்தோறும் மருந்து வாங்கப் போகிறார், அவர் மனைவியும் கூடவே போகிறார். வெட்கப்பட அவர்களுக்கு ஒன்றுமில்லை. நமக்கும் இல்லை.