எவ்வளவு தொலைவு?



ஊர்விட்டு ஊர் வந்தோர் முதலில் கற்கும் கேள்வி 'எவ்வளவு தொலைவு?' என்பதாகும். கேட்பது எளிது, விடையின் பொருளை உணர்வது அரிது. அதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

இக்கேள்வி மிகப் பழமையானது. சேரர்குல இளவல் எனப் போற்றப்படும் இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில், புகாரை நீங்கிய கண்ணகி, நடந்து பழகாத அடிகள் வருந்த, மதுரை மூதூர் எங்குள்ளது எனக் கணவனை வினவுகின்றாள். கோவலன் காதக் கணக்கைக் கூறுகின்றான். உடனே, 'அண்மையில்தான்' எனவும் சொல்லி நகைக்கின்றான். கணக்கு வழிக்குரியது, தேறுதல் நடப்பவளுக்குரியது. ஒரே விடையில் இரண்டும் அமைந்தன.

மட்டாஞ்சேரியிலும் இதனைக் காண்கின்றோம். 'இவிடெநின்னு எத்ர தூரமுண்டு?' என்று கேட்டால், மலையாள அன்பர் 'அடுத்தாணு' என்பார். 'அடுத்து' என்றதும் 'பிறகு' என நாம் மயங்க வேண்டுவதில்லை. அருகில் என்பதே பொருள். 'அடுத்த வீடு' என்று நாமும் சொல்கின்றோம் அன்றோ? 'நாழிகை' நமக்கு 24 நிமிடம். அவர்களுக்கு அது காலமும் ஆம், வழியின் அளவும் ஆம். மைல்கல்லை 'நாழிகக்கல்லு' என்பர். நம் முன்னோரும் 'நாழிகைவழி' என்றனர். நாம் 'கூப்பிடு தூரம்' என்பதை அவர்கள் 'விளிப்பாடகலெ' என்பர். இரண்டும் குரல் எட்டும் எல்லையே.

தாய்லாந்து மொழியில் தொலைவு என்னும் சொல்லும் அருகு என்னும் சொல்லும் நம் செவிக்கு ஒன்றுபோல 'க்ளை' என்றே கேட்கும். சமநிலையில் ஒலித்தால் தொலைவு; உயரத் தொடங்கித் தாழ இறக்கினால் அருகு. அங்குக் குரலே வழி காட்டுகின்றது!

இரயில்வேயில் பணிபுரியும் நாம் கிலோமீட்டர்க் கணக்கிலேயே வாழ்கின்றோம். 1956-ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்திற்குப் பின் மைல் மறைந்து அது நிலைபெற்றது. ஆயினும், எர்ணாகுளம் எவ்வளவு தொலைவு என்றால், 'படகிலா, பாலத்தின் வழியா?' என்று திருப்பிக் கேளாமல் இங்கு விடை கூற இயலாது. காயலைக் கடப்பது வேறு. சுற்றிச் செல்வது வேறு.

காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்கு வழி கேட்கும் தாய்க்கு எண் மட்டும் போதுமா? நடக்க இயலுமா, வண்டி கிடைக்குமா, இந்நேரம் மருத்துவர் இருப்பாரா என்பனவே அவள் கேளாமல் கேட்கும் கேள்விகள். நம் குடும்பப் பெண்டிர் பலர், மலையாளம் பிழையாகிவிடுமோ என நாணிக் கேளாமலே அலைந்து களைக்கின்றனர். அந்நாணம் வேண்டா. 'சேச்சீ, நடந்நு போகாமோ?' என்ற மூன்று சொற்களே போதும். பிழையைப் பாராட்டாமல் வழி காட்டுவோர் இவ்வூரில் நிறைய உளர்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. இன்று வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பிழைப்பு நாடி வருவோர் நம்மிடம் வழி கேட்கின்றனர். கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாகாது. வழியைத் தெளிவாகச் சொல்வோம். இயன்றால் திருப்பம் வரை உடன் நடப்போம். நம் பெற்றோர் இவ்வூரில் வந்திறங்கிய நாளில் யாரோ ஒருவர் அவ்வாறு நடந்ததால்தான் இன்று நாம் இங்கு வாழ்கின்றோம்.