பாடுபவருக்குப் பக்கத்தில் வளர்ந்த கிதார்



கிதார் வாசிப்பில் ஒருவருடைய வல்லமையை அவருடைய விரல்வேகத்தைக் கொண்டே அளக்கும் பழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கிறது. ஆனால் எந்தக் கை, எந்தத் தேவைக்காக, யாருடைய செவிக்காகத் தேர்ச்சி பெற வேண்டும் என்பதை அந்தந்த மண்ணின் இசைமரபே தீர்மானித்திருக்கிறது என்பதற்குத் தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில் வளர்ந்த ஃபிளமெங்கோவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஃபிளமெங்கோவில் பாட்டே தலைமை. ஆட்டமும் கிதாரும் பாட்டைச் சார்ந்தவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இக்கலை பாட்டு விடுதிகளின் மேடைக்கு வந்தபோது ஒலிபெருக்கி இல்லை. ஆடுபவரின் குதிகால் ஓசையையும் சுற்றியிருப்போரின் கைத்தட்டலையும் மீறிக் கிதார் கேட்க வேண்டியிருந்தது. மடக்கிய விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக விரித்து, நகங்களின் புறத்தால் தந்திகளை வீசி அடிக்கும் ரஸ்கெயாடோவும், கட்டைவிரல் நகத்தை மேலும் கீழுமாக ஓட்டும் அல்சாபுவாவும், வாசித்துக்கொண்டிருக்கும்போதே மோதிர விரலால் கிதாரின் பலகையைத் தட்டும் கோல்பேயும் இந்தச் சூழலில் வேரூன்றிய உத்திகளாகும். கருவியும் அதற்கேற்பவே அமைந்தது: பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் எடை குறைந்த சைப்ரஸ் மரம், பலகையோடு நெருங்கித் தாழ்ந்த தந்திகள், தட்டுவதால் தேயாமல் பலகையைக் காக்கும் மெல்லிய தகடு. இக்கிதாரின் ஒலி சட்டென்று எழுந்து விரைவில் அடங்குவதால் அடுத்தடுத்த அடிகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே கேட்கின்றன.

இவை யாவற்றுக்கும் மேலாக நிற்பது கம்பாஸ் எனப்படும் தாளச் சுற்று. சொலேயா என்னும் பாட்டு வகையில் ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12 ஆகிய எண்களில் விழுவதால், முன்பாதி மூன்று மூன்றாகவும் பின்பாதி இரண்டிரண்டாகவும் நடக்கிறது. நம் தாளக் கணக்குகளில் பழகிய செவிக்கு இந்த நடைமாற்றத்தின் சுவையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாடுபவர் ஒரு சொல்லை நீட்டினால் கிதார்க் கலைஞர் அவருடைய மூச்சைக் கவனித்துக் காத்திருக்க வேண்டும். ஆடுபவர் காலடியால் குறிப்புக் கொடுத்தால் அந்தச் சுற்றைச் சரியாக முடித்துத் தர வேண்டும். விரல் எவ்வளவு விரைவாக ஓடினாலும் கம்பாஸ் தவறியவருக்கு அங்கே மதிப்பில்லை. ஃபால்செட்டா எனப்படும், பாடல் அடிகளுக்கு இடையே வரும் சிறு இசைத்துணுக்கில்தான் கிதார்க் கலைஞரின் சொந்தக் கற்பனைக்கு இடமிருந்தது. அந்தச் சிறு இடத்திலிருந்தே ரமோன் மோந்தோயா, சாபிகாஸ் போன்றோர் தனி வாசிப்பு மரபை வளர்த்தெடுத்தனர்.

அல்ஹெசிராஸ் நகரில் 1947இல் பிறந்த பாகோ டி லூசியாவின் வேகம் உலகப் புகழ்பெற்றது. சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி மீட்டும் பிகாடோ உத்தியில் அவரைத் தாண்டியவரைச் சுட்டுவது கடினம். ஆயினும் அந்த வேகத்துக்கு உயிர் கொடுத்தது, 1960களின் இறுதியிலிருந்து கமரோன் டி லா இஸ்லா என்னும் பாடகரோடு இணைந்து ஒலித்தட்டு ஒலித்தட்டாக உழைத்த பக்கவாத்தியப் பயிற்சியே என்று கொள்வது பொருந்தும். ஹோவாகின் ரோட்ரிகோ இயற்றிய புகழ்பெற்ற அரான்ஹுவெஸ் இசைக்கோவையை 1991இல் அவர் பதிவுசெய்தபோது, செவ்வியல் கலைஞர்கள் தேடும் ஒலிநயத்தைவிடத் தாளத்தின் கூர்மையே மேலோங்கி நின்றது.

இதே கிதார் கர்நாடக இசைக்கு வரும்போது தேர்ச்சியின் மையம் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறுகிறது. ஃபிளமெங்கோவின் அடிப்படைச் சுரவரிசையான ஃபிரிஜியன், 8ஆவது மேளமான அனுமத்தோடியின் சுரங்களையே கொண்டது. முடிவிடத்தில் காந்தாரம் உயரும்போது 14ஆவது மேளமான வகுளாபரணத்தின் சாயலும் தோன்றும். எனினும் அதைக் கேட்டுத் தோடி என்று சொல்லும் ரசிகர் இருக்க மாட்டார். ஏனெனில் காந்தாரத்தை அசைத்தும் வளைத்தும் காட்டும் கமகம் அங்கே இல்லை. அதைக் கிதாரில் கொண்டுவரச் சுகுமார் பிரசாத், ஆர். பிரசன்னா போன்றோரின் இடக்கை விரல்கள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தும் வழுக்கியும் வேறொரு பயிற்சியை மேற்கொள்ள வேண்டியிருந்தது. எஸ். இராமநாதனிடம் வீணை பயின்ற ஜான் மெக்லாலின், 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோரோடு சக்தி குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கு இடையிலான மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கிதாரைப் பயன்படுத்தியதும் இதே தேவையால்தான். அவரே 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் பாகோ டி லூசியாவோடும் அல் டி மியோலாவோடும் அமர்ந்து வாசித்தார்.

நம் ஊர்களில் கிதார் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்த அவையின் வாயிலாக ஒரு வேண்டுகோள் வைக்கத் தோன்றுகிறது: மாணவருக்குத் தனி வாசிப்பையும் தேர்வுப் பாடங்களையும் கற்றுத்தருவதோடு நின்றுவிடாமல், வாரத்தில் ஒரு வகுப்பையாவது, பாடும் ஒருவருக்குப் பக்கத்தில் அவர்களை அமர்த்தி, அவருடைய மூச்சறிந்து வாசிக்கப் பழக்க வேண்டும்.