பெட்டி சொல்வதைக் கேட்க ஆள் உண்டா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது சாப்பாடு என்பதால் ஒன்பதிலேயே முடித்து விடுகிறேன்.

நம்மில் பாதிப் பேருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டிலோ, ஆவடி, பூந்தமல்லிப் பக்கமோதான் பிழைப்பு. உங்கள் கம்பெனியில் மாடிப்படிக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்குகிற ஒரு பெட்டி இருக்கும். அதுதான் நெட்வொர்க் ஸ்விட்ச். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா எல்லாவற்றின் கேபிளும் அதில்தான் வந்து சேரும். சாதா ஸ்விட்ச் வாய் திறக்காது. ‘மேனேஜ்டு’ ஸ்விட்ச் பேசும்: எந்த போர்ட் விழுந்தது, ஃபேன் நின்றதா, சூடு ஏறியதா, யார் செட்டிங்கை மாற்றினார் என்று தகவல் அனுப்பும். கூடுதல் விலை கொடுப்பதே அதற்காகத்தான். வாங்கி மாட்டுகிறோம், கேட்பதற்கு ஆள் போடுவதில்லை.

எஸ்டேட்டில் ஒரு பட்டறை, பேர் வேண்டாம். பேக்கிங் பிரிவில் மேஜையை நகர்த்திய ஒருவர், தரையில் கிடந்த கேபிளின் இரண்டு முனையையும் சுவரிலிருந்த இரண்டு சாக்கெட்டில் சொருகி விட்டார். இடம் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான், பாவம்! ஸ்விட்சுக்கு அது லூப். ஒரே செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்த ஆபீசும் நின்று போச்சு. லாரி வாசலில் நிற்கிறது. இ-வே பில் எடுக்க வழியில்லை. லூப்பைத் தடுக்க ‘ஸ்பானிங் ட்ரீ’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி, கண்டுபிடிக்க நாலு மணி நேரம். அந்த ஸ்விட்ச் முதல் நிமிஷத்திலேயே, ஒரே முகவரி 7-ஆம் போர்ட்டிலும் 8-ஆம் போர்ட்டிலும் மாறி மாறித் தெரிகிறது என்று தன் லாகில் எழுதி வைத்திருந்தது. அலர்ட் போகும்படி பதிந்திருந்த மெயிலோ, வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷமான ஒருவருடையது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் கம்ப்யூட்டரை அணைப்பார்கள். ஒவ்வொரு போர்ட்டும் ‘லிங்க் டவுன்’ என்று கத்தும். தினம் நாற்பது மெசேஜ் வந்தால் ஒரே வாரத்தில் போனை மியூட்டில் போட்டு விடுவோம். சிஸ்லாக் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் உண்டு. காய்ச்சல் டிகிரி மாதிரி இல்லை, எண் குறையக் குறையத்தான் ஆபத்து கூடும். சாதாரண மேஜைகளின் போர்ட்டுக்கு அலர்ட்டை நிறுத்துங்கள். சர்வர், அப்லிங்க், பவர், ஃபேன், செட்டிங் மாற்றம் இவை வந்தால் போதும்.

சத்தமே வரவில்லை என்றால் எல்லாம் சுகம் என்றும் நினைக்கக் கூடாது. ‘எஸ்.என்.எம்.பி. ட்ராப்’ என்பது ரிஜிஸ்டர் பண்ணாத தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. யூ.பி.எஸ். தீர்ந்து அணைந்த ஸ்விட்ச் எதையும் சொல்லப் போவதில்லை. 2016 டிசம்பர் வர்தா புயலில் கரண்ட் இல்லாமல் தவித்தவர்களுக்கு இது புரியும். ஆகவே கண்காணிக்கிற கம்ப்யூட்டர்தான் சில நிமிஷத்துக்கு ஒரு தரம் “இருக்கியா?” என்று கேட்க வேண்டும். பதில் வராததே ஓர் அலர்ட்.

இன்னொரு வேடிக்கை. சிஸ்கோவின் பல ஸ்விட்சுகள் கரண்ட் போய் வந்ததும், நேரம் சொல்லித் தர சர்வர் இல்லாவிட்டால், 1993 மார்ச் 1 என்று தேதி போட ஆரம்பித்து விடும். அந்த லாகை வைத்துக்கொண்டு எந்தக் கேமராப் பதிவோடு ஒப்பிடுவது? என்.டி.பி. செட்டிங்கைப் போட ஐந்து நிமிஷம் ஆகாது.

கடைசியாக ஒன்று. 2022 ஜூலை 8-ஆம் தேதி கனடாவில் ராஜர்ஸ் நெட்வொர்க் படுத்தது. ஸ்கார்பரோவில் சொந்தக்காரர் உள்ளவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செட்டிங் மாற்றம் ஒன்றினால் 1.2 கோடிப் பேருக்கு மேல் சேவை நின்றது. சாதனங்களுக்குள் போய்ப் பார்க்க இன்ஜினியர்கள் பயன்படுத்தும் பாதையும் அதே நெட்வொர்க்கின் மேல்தான் இருந்தது. அதுவும் கூடவே விழுந்தது. நம்ம பட்டறைகளில் இன்றைக்கும் இதே நிலைமைதான்: நெட் போச்சு என்ற மெயில் அதே நெட் வழியாகப் போக வேண்டும்! வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு சின்ன ரவுட்டரைத் தனியாக வையுங்கள், அலர்ட் அது வழியாகப் போகட்டும்.

மாடல் நம்பரோடு சந்தேகம் கேட்க வேண்டியவர்கள் பந்தியில் என் பக்கத்தில் உட்காரலாம்.