விளக்கணைந்த வீட்டையும் விசாரியுங்கள்





பசியோடு வந்த ஒருவருக்குக் கொடுக்க நபி (ஸல்) அவர்களின் இல்லங்களில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அவரை அழைத்துச் சென்ற அன்ஸாரித் தோழரின் வீட்டிலோ பிள்ளைகளுக்கென வைத்திருந்த உணவு மட்டுமே இருந்தது. பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். விளக்கைச் சரிசெய்வது போல அணைத்தார்கள். இருளில் தாமும் உண்பது போலப் பாவனை செய்து, விருந்தாளியை உண்ணச் செய்துவிட்டுப் பசியோடு படுத்தார்கள். ஸூரத்துல் ஹஷ்ரின் 9ஆம் வசனத்தோடு தொடர்புபடுத்தி ஹதீஸ் நூல்கள் கூறும் இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உணவளித்தவர் பட்டினி கிடந்தார் என்பது உண்டவருக்குத் தெரியாது. அல்லாஹ் அறிவித்ததனால் நபியவர்கள் அறிந்தார்கள். வஹி நிறைவுற்றுவிட்ட நம் காலத்தில், சென்று விசாரித்தாலன்றி அத்தகைய வீட்டின் பசி எவருக்கும் தெரியவராது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தை வந்தடைந்தனர். எல்லை கடக்காதவர்கள் ஆதலால் சட்டப்படி அவர்கள் அகதிகள் அல்லர், இடம்பெயர்ந்தோரே. எனினும் ஊர் வழக்கில் அப்பெயரே நிலைத்துவிட்டது. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டுச் சமைத்த உணவும் கொடுத்தனர். நாட்கள் வருடங்களாயின. ஒரே கிணற்றில் இரு மடங்கு வாளிகள் இறங்கின. கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலைக்கு ஆட்கள் பெருகினர். பாடசாலைகளில் இடம் நெருங்கியது. உலர் உணவுப் பங்கீடு இடம்பெயர்ந்தோருக்கு வந்தது. அடுத்த வேலிக்குள் அதே கூலியை நம்பியிருந்த ஏழைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பின்னர் இரு சாராரிடையே எழுந்த மனக்கசப்பைப் பொறாமை என்று சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. கொடுத்தவனின் அடுப்பை எவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதே அதன் வேர்.

இன்று உதவி நிறுவனங்கள் பசியை அளக்கும் முறையைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது நல்லது. “சாப்பாடு இருக்கிறதா?” என்று கேட்டால், மானமுள்ளவன் “அல்ஹம்துலில்லாஹ், இருக்கிறது” என்றே சொல்வான். எனவே கடந்த ஏழு நாட்களில் எந்தெந்த உணவை எத்தனை நாட்கள் உண்டீர்கள் என்று கேட்கிறார்கள். சோற்றுக்கு நாளொன்றுக்கு 2 புள்ளி, பருப்புக்கு 3, மீன் அல்லது இறைச்சிக்கு 4, பாலுக்கு 4, மரக்கறிக்கு 1, எண்ணெய்க்கும் சீனிக்கும் அரைப் புள்ளி வீதம். ஏழு நாளும் சோறும் எண்ணெயும் சீனிபோட்ட தேநீரும், மூன்று நாள் மட்டும் கீரையும் உண்ட வீட்டின் கணக்கு 24. எண்ணெயும் சீனியும் அன்றாடம் பாவிக்கும் ஊர்களில் 28 வரை உள்ள வீடு மிக மோசமான நிலையில் இருப்பதாகக் கொள்ளப்படும். வயிறு நிறைந்திருக்கிறது, உடலோ தேய்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. உணவு போதாதபோது என்ன செய்தீர்கள்? விலை குறைந்த உணவுக்கு மாறினால் 1 புள்ளி, கடன் வாங்கினால் 2. பிள்ளைகள் உண்ணட்டுமென்று பெரியவர்கள் தம் பங்கைக் குறைத்துக்கொண்ட ஒவ்வொரு நாளுக்கும் 3 புள்ளி. தாய்மார்களே, இந்தக் கேள்வியின் கனத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கெடுப்பு வெறும் காகித வேலையா என்று இளைஞர்கள் கேட்கலாம். மியன்மாரிலிருந்து 2017 ஓகஸ்டுக்குப் பின் ஏழு இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா மக்கள் பங்களாதேஷின் கொக்ஸ் பஸாருக்கு ஓடிவந்தனர். நிதி குறைந்ததனால் 2023 மார்ச்சில் ஒருவருக்கான மாத உணவுத் தொகையை உலக உணவுத் திட்டம் 12 டொலரிலிருந்து 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் குறைத்தது. கணக்கெடுப்பு நிறுத்தப்படவில்லை. அவ்வருட நவம்பரில் முகாம்வாசிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் போதிய உணவின்றித் தவித்ததும், பிள்ளைகளின் கடும் போசாக்கின்மை 15.1 வீதமாக உயர்ந்து அவசரகால எல்லையான 15ஐத் தாண்டியதும் பதிவாயின. அந்த இலக்கங்களைக் கையில் வைத்தே கொடையாளிகளிடம் வாதாடினர். 2024 ஜனவரியில் தொகை 10 டொலராக்கப்பட்டது. பின்னர் அதே ஆண்டில் மேலும் உயர்ந்தது.

அங்கும் உக்கியா, தெக்னாஃப் மக்கள் தம் நிலத்தையும் காட்டையும் பகிர்ந்துகொண்டவர்கள். விறகுக்காகக் குன்றுகள் மொட்டையாகின. 2018 முதல் முகாம்களுக்கும் அயல் கிராமத்து ஏழைகளுக்கும் சமையல் எரிவாயு வழங்கப்பட்டபோது விறகுத் தேவை குறைந்தது. மரங்களுக்கும் மூச்சு வந்தது. இரு சாராருக்கும் பயன்படும் இத்தகைய உதவியையே நான் சிறந்ததென்பேன். ஆயினும் முகாமிலிருப்போருக்கு முறையாகத் தொழில் செய்ய அனுமதியில்லாத வரை, அவர்களைத் தம் காலில் நிற்க வைப்போம் என்ற பேச்சு பாதி வெறுமையானது. தையல் பழக்கினால் போதாது, தைத்ததை விற்கவும் வழி வேண்டும்.

நம் ஊர்களில் வெள்ளமோ இடப்பெயர்வோ நேரும்போது பட்டியல் எழுதுவது பெரும்பாலும் பள்ளிவாசல் இளைஞர்களே. அதுவும் ஓர் அமானிதம். வந்தவர்களின் பெயர்களோடு அவர்களை ஏற்ற வீடுகளின் பெயர்களையும் எழுதுங்கள். நிர்வாகசபையினரை அருகில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள். அவர்கள் முன்னிலையில் எவரும் குறை சொல்லமாட்டார்கள். பெண்களிடம் பெண்களே பேசட்டும். பொதி கொடுத்த மறுநாள் எடுக்கும் கணக்கை நம்பவேண்டாம். ஒரு மாதம் கழித்து, அடுத்த மழைக்குப் பின் மீண்டும் ஒருமுறை சென்று, ஆடு இருக்கிறதா விற்றுவிட்டார்களா, பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா கூலிக்குப் போகிறதா என்று கேட்டு, முதல் பதிவுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.