முட்டைக் கணக்கு யார் கையில்?

(கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசியது)



ஞாயிற்றுக்கிழமை நம்மில் பலர் வீட்டில் கோழிக்கறி வேகிறது. கூலி கைக்கு வந்த வாரம் ஒரு கிலோ, வராத வாரம் அரைக் கிலோ. கடைப் பலகையில் எழுதியிருக்கும் விலையைப் பார்த்துவிட்டு நாம் கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறோம். பாவம், அந்த விலையை எழுதியவர்தான் அவர், தீர்மானித்தவர் அவரல்ல. அதில் பெரும்பகுதி இரண்டு மாதத்திற்கு முன்னாலேயே, எங்கோ ஒரு குஞ்சு பொரிப்பகத்தில், இந்த வாரம் எத்தனை முட்டை அடை வைப்பது என்று முடிவு செய்தபோதே தீர்ந்துபோன விஷயம். அந்த முட்டைக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

"சிப்காட்டில் இரும்பு உருக்குகிறவனுக்கு முட்டைக் கணக்கு எதற்கு?" என்று சில தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுத்துக் கேளுங்கள். கடைசியில் அது உங்கள் கதையாகவே வந்து நிற்கும்.

கறிக்கோழி முட்டையைப் பொரிப்பகத்தில் அடை வைத்தால் குஞ்சு வெளிவர 21 நாள். முதல் 18 நாள் ஒரு இயந்திரம். அது மணிக்கு ஒருதரம் முட்டையைப் புரட்டிக் கொடுக்கும். கடைசி 3 நாள் வேறொரு இயந்திரம். தாய்க்கோழி வயிற்றுச் சூட்டால் செய்வதை இங்கே மின்சாரம் செய்கிறது. நூறு முட்டைக்கு எண்பதை ஒட்டிக் குஞ்சு வரும். பிறந்த குஞ்சு வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டே இரண்டு மூன்று நாள் தாங்கும். அதனால்தான் அதைப் பெட்டியில் அடைத்து மாவட்டம் தாண்டி வண்டியில் அனுப்ப முடிகிறது. இயற்கை கொடுத்த இந்த மூன்று நாள் அவகாசத்தின் மேல்தான் இவ்வளவு பெரிய வியாபாரமும் நிற்கிறது! பிறகு கொட்டகையில் சுமார் 40 நாள். கோழி இரண்டு கிலோவை எட்டியதும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

கூட்டிப் பாருங்கள். 21-ம் 40-ம் 61. இன்றைக்கு அடை வைத்த முட்டை இரண்டு மாதம் கழித்துக் கறியாகிறது. இன்றைக்கு எத்தனை முட்டை அடை வைத்தார்கள், எத்தனை குஞ்சு கொட்டகைகளில் இறங்கியது என்ற இரண்டு எண்களும் எவன் கையில் இருக்கின்றனவோ, அவனுக்கு இரண்டு மாதத்திற்குப் பின் வரப்போகும் சந்தை இன்றே தெரியும். அதற்கும் முன்னால் ஒரு படி இருக்கிறது. முட்டையிடும் தாய்க்கோழி தன் முதல் முட்டைக்கு ஆறு மாதம் வளர வேண்டும். தாய்க்கோழிக் குஞ்சு எத்தனை விட்டார்கள் என்று தெரிந்தவனுக்கோ எட்டு மாதத்திற்கு அப்பாலும் பார்வை எட்டும். சோதிடம் வேண்டாம், கணக்குப் புத்தகம் போதும்.

இது வெறும் ஊகமல்ல. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு வதந்தி பரவியது நினைவிருக்கிறதா? விலை அதலபாதாளத்துக்குப் போயிற்று. பொரிப்பகங்கள் அடை வைப்பதைச் சுருக்கின. முட்டைகளையும் குஞ்சுகளையும் அழித்ததும் பல இடங்களில் நடந்தது. பிறகு மே மாதம் என்ன ஆயிற்று? ஊரடங்கில் வேலையின்றி நாம் வீட்டில் கிடந்தபோது கறி விலை கிடுகிடுவென ஏறியது. மார்ச்சில் அடை வைக்காத முட்டைதான் மே மாதத்தில் கிடைக்காத கோழி. கடையில் நின்ற நமக்கு அது மாயமாகத் தெரிந்தது. கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அதில் ஒரு மாயமும் இல்லை.

இனி கொட்டகைக்காரர் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஒப்பந்தக் கோழி வளர்ப்பு கோவை, உடுமலை, பல்லடம் பக்கம் வேர்விட்டது. 1984-ல் உடுமலைப்பேட்டையில் தொடங்கிய சுகுணா நிறுவனம் 1990-ஐ ஒட்டி இந்த முறையைக் கைக்கொண்டது. பிறகு பல கம்பெனிகள் அதே வழியில் வந்தன. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் நார்க்கழிவோ உமியோ, இரவு பகல் உழைப்பு ஆகியவை விவசாயியுடையவை. கோழியை எடை போட்டு ஏற்றிய பிறகு கிலோவுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கிடைப்பதன் பெயர் என்ன தெரியுமா? வளர்ப்புக் கூலி! கொட்டகைக்குச் சொந்தக்காரர், வங்கிக் கடனுக்கும் சொந்தக்காரர். ஆனால் வாங்குவது கூலி. பெயர் வைத்தவர்கள் ஒளிக்காமல்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கூலியிலும், தின்ற தீவனத்துக்கு எவ்வளவு எடை வந்தது என்று பார்த்து வெட்டு உண்டு. தீவனம் தரமாக வந்ததா, குஞ்சு பலமாக வந்ததா என்று பார்க்க கொட்டகைக்காரரிடம் எந்தக் கருவியும் கிடையாது. வெள்ளைக்கழிச்சல் நோயில் பத்துக் குஞ்சு செத்தால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பதைப் பார்க்க வேண்டும்!

ஆனால் கூலியைவிடக் கொடுமையானது காலிக் கொட்டகை. ஒரு சிறு கணக்குப் போடுவோம். சேதாரம் போக 10,000 கிலோ ஏற்றும் கொட்டகை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஆறு ரூபாய் என்றால் ஒரு பேட்சுக்கு 60,000 ரூபாய். வளர்ப்புக்கு 40 நாள், சுத்தம் செய்து ஆறப்போட 15 நாள் என்றால் வருஷத்துக்கு ஆறு பேட்ச், 3,60,000 ரூபாய். சந்தையில் கோழி அதிகம், விலை இறங்குகிறது என்று கம்பெனிக்குப் பட்டால் அடை வைப்பதைக் குறைக்கும். அடுத்த குஞ்சு இறக்குவதைத் தள்ளிப்போடும். ஆறு நான்கானால் 1,20,000 ரூபாய் போயிற்று. வங்கி வட்டி மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போவதில்லை. "குஞ்சு எப்போது வரும்?" என்று கேட்டால், "சொல்லியனுப்புகிறோம்" என்பதே பதில்.

சிப்காட் தோழர்களே, இந்தப் பதிலை நீங்கள் எங்கே கேட்டிருக்கிறீர்கள்? "இன்றைக்கு ஆள் வேண்டாம், தேவைப்பட்டால் சொல்லியனுப்புகிறோம்" என்று கான்ட்ராக்டர் வாசலில் சொல்வதும் இதுவும் வேறு வேறா? ஒருவருக்கு இயந்திரம் சொந்தமில்லை. இன்னொருவருக்கு கொட்டகை சொந்தம், அதனால் நஷ்டமும் சொந்தம்! அந்தக் கொட்டகைக்குள் மூட்டை தூக்கி, குப்பை அள்ளி, இரவில் லாரிக்குக் கோழி பிடித்துக் கொடுக்கும் விவசாயத் தொழிலாளிக்கோ, குஞ்சு இறங்காத நாளில் அந்த வேலையும் இல்லை.

பல்லடத்தில் கறிக்கோழி ஒருங்கிணைப்புக் குழு தினமும் பண்ணை விலையை அறிவிக்கிறது. அது பத்திரிகையில் வருகிறது. விலையைச் சொல்கிறார்கள், விலையைப் பிறப்பிக்கும் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. சர்க்காரின் கால்நடைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்பீர்கள். 2019-ல் எடுத்த கணக்கில் இந்தியாவில் 85 கோடி கோழியினம். அதில் 12 கோடியோடு தமிழ்நாடு முதலிடம். பெருமைதான். ஆனால் அறுபது நாளில் பிறந்து, வளர்ந்து, கறியாகிவிடும் ஜீவனை சில வருஷங்களுக்கு ஒருதரம் எண்ணி என்ன பயன்?

எண்ண முடியாது என்பதும் பொய். முதலாளித்துவத்தின் தலைவீடான அமெரிக்காவில் விவசாய இலாகா வாரந்தோறும் எண்ணி வெளியிடுகிறது. வாரத்துக்குச் சுமார் 24 கோடி முட்டை அடை, சுமார் 19 கோடி குஞ்சு இறக்கம் என்று மாகாணவாரியாக யாரும் படிக்கலாம். 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் வந்தபோது நம் மாவட்ட எல்லையிலும் கோழி வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். நோய் பயம் வந்தால் சோதிக்கத் தெரிந்தவர்களுக்கு எண்ணத் தெரியாதா?

இதைக் கேட்டு அமெரிக்க ஏற்பாட்டில் மயங்கிவிடவும் வேண்டாம். அங்கே பொதுக் கணக்கு ஒன்று என்றால், கம்பெனிகள் பணம் கொடுத்துத் தங்களுக்குள் பார்த்துக்கொண்ட தனிக் கணக்கு வேறொன்று. அந்த விவரங்களை விற்ற அக்ரி ஸ்டாட்ஸ் கம்பெனி மீது 2023-ல் அந்நாட்டு நீதி இலாகாவே வழக்குப் போட்டது. அதற்கு முன்பு 2021-ல் பில்கிரிம்ஸ் பிரைட் என்ற பெரிய கோழிக் கம்பெனி விலைச் சதியை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. ஆக, எண்ணை வெளியிட்டால் மட்டும் போதாது. அதைப் படித்துக் கேள்வி கேட்க ஆள் வேண்டும். அங்கே கேள்வி கேட்டதால் ஒரு பலனும் வந்தது. 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த விதிப்படி, வருஷத்துக்குக் குறைந்தது எத்தனை முறை குஞ்சு இறக்குவோம் என்று கம்பெனி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

நம் தமிழ்நாட்டில் 2019-ல் ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் ஒன்று வந்தது. பயிரோடு கால்நடையையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட சட்டம். நாம் கேட்பது பெரிய புரட்சியல்ல: வருஷத்துக்கு இத்தனை பேட்ச் என்று ஒப்பந்தத்தில் எழுது, தவறினால் காலி நாளுக்குப் படி கொடு, அடை வைத்த முட்டை, இறக்கிய குஞ்சு, இரண்டையும் வாரந்தோறும் மாவட்டவாரியாகக் கால்நடைத் துறை வெளியிடட்டும்.

அதுவரை நாமே எண்ணத் தொடங்கலாம். கொட்டகைக்காரர்கள் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். குஞ்சு வந்த தேதி, எண்ணிக்கை, முதல் வாரச் சாவு, ஏற்றிய தேதி, எடை, அடுத்த குஞ்சு வரும்வரை காலியாகக் கிடந்த நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். கோழி பிடிக்கப் போகிற தோழர்களும் எந்த ஊரில் எத்தனை லாரி ஏற்றினோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆலைத் தோழர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, நோட்டுகளோடு இதே இடத்தில் கூடுவோம்.