நடிப்புப் படிப்பும் நம்ம உடம்பும்

நாடகத்துறையில் சேரலாமா, அதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று சில மாணவர்கள் கேட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் நடிப்பு படித்தவன் என்பதால் எனக்குப் பட்டதைச் சொல்றேன்.

விடிஞ்சதும் உடற்பயிற்சி. அப்புறம் மூச்சு, குரல், கூத்து அடவு. மதியத்துக்கு மேல் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, பிரெக்ட். இதெல்லாம் நமக்கு வேணும். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசினால் கடைசி ஆள்வரைக்கும் கேட்கும், தொண்டை கட்டாது. (ஊர்வலத்துல கத்திக் கத்தியே குரலைத் தொலைச்ச தோழர்கள் இங்க எத்தனை பேர்!)

சிக்கல் வேறு இடத்தில். 'உணர்ச்சி நினைவு' என்று ஒரு பயிற்சி. நீ பட்ட அவமானம் ஒன்றை நினைத்துப் பார், அதைப் பாத்திரத்துக்குக் கொடு என்பார்கள். கூடப் படித்தவர்கள் பரீட்சையில் தோற்றதை, காதல் முறிந்ததை நினைத்து அழுதார்கள். நான் டீக்கடையில எங்கப்பாவுக்குன்னு தனியா வச்சிருந்த கிளாஸை நினைச்சேன். உடம்பு நடுங்கிடுச்சு. 'அருமை, இதை விட்டுடாதே' என்றார் வாத்தியார். அடுத்த நாடகத்தில் எனக்குக் கிடைத்த வேஷம் வெட்டியான். பயிற்சிக்கு நம்ம வலி பொருந்துது, ராஜா வேஷத்துக்கு நம்ம முகம் பொருந்தல.

வகுப்பில் எங்களுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. 1938-இல் இறந்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, தன் கடைசி வருஷங்களில் நினைவைத் தோண்டுவதைக் குறைத்து உடல் செயலுக்கே அழுத்தம் கொடுத்தார். பாத்திரம் என்ன செய்கிறான்? கிளாஸை எடுக்கிறான், குடிக்கிறான், தானே கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். அதைச் சரியாகச் செய்தால் போதும். பிரெக்டிடம் போனால், அந்தக் கிளாஸைத் தனியா வச்சது யாருன்னு பார்க்கிறவனே கேட்கிற மாதிரி நடிக்கணும். ஆக, 'என் நினைவைத் தரமாட்டேன், செயலைக் காட்டறேன்' என்று வகுப்பிலேயே நீங்கள் சொல்லலாம். அதற்கு நடிப்புக் கோட்பாட்டிலேயே இடம் இருக்கு.

எங்களுக்குப் பறை சொல்லிக்கொடுத்த பெரியவரை ஒரு வாரத்துக்குக் கூப்பிட்டு, பஸ் செலவும் பேட்டாவும் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அடித்த அடியைப் பற்றி நாங்கள் கட்டுரை எழுதி மார்க் வாங்கினோம். கே.ஏ. குணசேகரன் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்தார், 'பலி ஆடுகள்' எழுதினார், மேடையேறிப் பாடவும் செய்தார். 2016-இல் போய்விட்டார். அப்படி ஒருத்தர் இருந்தால் மட்டும் போதுமா?

பிழைப்புக்கு வர்றேன். தில்லியில் தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தொடங்கியது. 1964-லேயே சம்பளம் தருகிற ரெப்பர்டரி குழுவும் வந்துவிட்டது. தமிழில் கம்பெனி நாடகங்கள் ஓய்ந்தபிறகு, நாடகத்தில் மாதச் சம்பளம் என்பது அபூர்வம். படித்தவர்களில் பலர் சினிமாவில் சின்ன வேஷம், பள்ளிக்கூடத்தில் பட்டறை என்று ஓட்டுகிறார்கள். ஊரில் நிலமோ வீட்டு வாடகையோ வருகிறவன் அஞ்சு வருஷம் காத்திருப்பான். நம்மால முடியாது. அதனால் சேரும்போதே ஒளியமைப்போ ஒப்பனையோ ஒரு கைத்தொழிலைச் சேர்த்துக் கத்துக்குங்க. சம்பளத்தோடு ஒரு தமிழ் ரெப்பர்டரி வேணும், அதில் பறையாசானுக்கும் ஆசிரியர் சம்பளம் வேணும் என்று மாணவர் அமைப்புகள் தீர்மானம் போட்டுக் கேட்கணும்.

இன்னொன்று. ஒத்திகை ராத்திரி பத்தைத் தாண்டும், ஹாஸ்டல் மெஸ்ஸை அதுக்கு முன்னாடியே மூடிடுவாங்க. ஸ்காலர்ஷிப் பணம் எப்போ வரும்னு சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கு வழி பண்ணிக்கிட்டுப் போங்க. இனி நீங்க கேளுங்க.