பெயர் போடாத பாட்டு



நினைவுச் சொற்பொழிவை அச்சிட்டு உங்கள் கையில் கொடுக்கும்போதெல்லாம் நமக்கு 1936ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் அண்ணல் அம்பேத்கரைத் தலைமையுரை ஆற்ற அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அண்ணல் மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. பேசப்படாத அந்த உரையைச் சொந்தச் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதங்களில் எல்லாம் தீர்ந்தன. 1937இல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் அது தமிழிலும் வந்துவிட்டது.

படைப்புரிமை என்றால் என்ன என்பதை நாம் இங்கிருந்துதான் கற்க வேண்டும். அது முதலில் காசு பற்றியது அல்ல. என் சொல்லை வெட்டாதே, என் பெயரை எடுக்காதே என்பதே அதன் அடிப்படை. காசு அதற்கு அடுத்துத்தான் வருகிறது. ஆனால் வந்தே தீர வேண்டும்.

இன்று யார் நினைவாகக் கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் பாட்டுக் கட்டியவர், பறை அடித்தவர். கூலி உயர்வுக் கூட்டத்துக்காக அவர் கட்டிய பாட்டு ஒன்றை ஒரு நிறுவனம் பதிவு செய்தது. பேருந்துச் செலவும் மதியச் சாப்பாடும் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஒலிநாடா வெளிவந்தபோது பாட்டுக்கு நேராக ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று மட்டும் இருந்தது. தேநீர்க் கடையில் தன் பாட்டைத் தானே கேட்டுவிட்டு வந்து அவர் அதை நம்மிடம் சொல்லிச் சிரித்தார். நாமும் சேர்ந்து சிரித்தோம். அன்று சிரித்ததற்காக இன்று வெட்கப்படுகிறோம்.

‘நாட்டுப்புறம்’, ‘மரபு’ என்னும் சொற்களைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள். தாலாட்டையும் ஒப்பாரியையும் தலைமுறைகள் சேர்ந்து ஆக்கின, உண்மைதான். ஆனால் சேரியில் உயிரோடு இருக்கும் ஒருவர் கட்டிய பாட்டையும் அதே சொல்லால் மூடிவிடுகிறார்கள். யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்னால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? ஒரு காலத்தில் பறை அடிப்பது கூலியில்லாத ஊர்க் கடமையாக நம்மீது சுமத்தப்பட்டது. அதை மறுத்துத்தான் நாம் அதைக் கலையாக்கினோம். இன்று மேடைக்கு ஒருநாள் கூலி தருகிறார்கள். பதிவோ ஆண்டுக்கணக்கில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. உழைப்பு தொடர்ந்து பயன்படும்போது ஊதியம் மட்டும் ஏன் ஒரு நாளோடு நிற்க வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்துப் பாட்டும் இசையும் ஆக்கச் சொன்ன திரைப்படத் தயாரிப்பாளரே அவற்றின் உரிமையாளர் ஆகலாம் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுகிறவர்களுக்குச் சட்டத்தில் உரிமை இல்லாததைச் சுட்டிக்காட்டித் தனிக் குறிப்பு எழுதினார். நிகழ்த்துகலைஞர் உரிமை 1994 திருத்தத்தில்தான் வந்தது. 2012 திருத்தம் இன்னொரு படி மேலே போனது. திரைப்படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும், ராயல்டியில் தமக்குரிய சமபங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. அறியாமல் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த ஒப்பந்தம் இந்த விஷயத்தில் செல்லாது.

பதிப்புரிமைச் சங்கம் எதற்கு? ஊர் ஊராகச் சென்று எந்த வானொலியில், எந்த உணவகத்தில் தன் பாட்டு ஒலிக்கிறது என்று தனி ஆளால் பார்க்க முடியாது. தனித்தனியாகப் பேரம் பேசிய கூலியாள் தோற்றதும், சங்கம் சேர்ந்தவர் வென்றதும் நாம் வயலில் கண்டதே. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்காக 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் இருக்கிறது. 2013இல் பாடகர்களுக்கென ஒரு சங்கம் பதிவு பெற்றது. நிர்வாகக் குழுவில் படைப்பாளிகளும் உரிமையாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பெயர் பதியாத பாட்டுக்குப் பணம் எந்த வீட்டுக்குப் போகும்? ‘மரபு’ என்று எழுதப்பட்ட பாட்டுக்கு முகவரியே கிடையாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ‘நிகழ்த்துகலைஞர்’ என்ற சொல்லுக்குள் கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூடச் சட்டம் சேர்த்திருக்கிறது. ஆனால் திரைப்படத்தில் தற்செயலாக வந்துபோகிறவர், தொழில் வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் இடம்பெறாதவர் என்றால், அவரை நிகழ்த்துகலைஞராகக் கொள்ளத் தேவையில்லை என்கிறது 2012 திருத்தம். தன் நிகழ்ச்சியைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டுமே அவருக்கு மிச்சம். சாவு வீட்டுக் காட்சியில் பறை அடிக்கும் நம் தம்பிகளை நினைத்துப் பாருங்கள். யார் பெயரைப் போடுவது வழக்கம், யார் பெயரைப் போடாதது வழக்கம் என்பதைச் சாதி எப்போதோ முடிவு செய்துவிட்டது. அந்த வழக்கத்தின்மீது சட்டம் முத்திரை குத்துகிறது.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காமல் நகலெடுத்துப் படித்துத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். தோழர்களின் பாடல்களை அனுமதி கேட்காமல் பாடித்தான் கூட்டம் சேர்த்தோம். அந்த ஓட்டம் நிற்கக் கூடாது. போராட்டக் களத்தில் பாடுவதும் விளம்பரப் படத்தில் விற்பதும் ஒன்றல்ல. விற்கிறவரிடம் விலையைக் கேட்போம், பாடுகிற தோழரிடம் பெயரை மட்டும் கேட்போம். பாட்டுக் கட்டியவர் பெயரைச் சொல்லாமல் பாடத் தொடங்கும் பழக்கத்தை நம் மேடையிலிருந்தே ஒழிப்போம்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் பாட்டுக் கட்டுபவரிடம் போங்கள். எந்தப் பாட்டு, எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சிக்கு என்று தேதியோடு எழுதுங்கள். அவர் குரலையே பதிவு செய்து அவரிடமே ஒரு படி கொடுங்கள். யார் தாள் நீட்டினாலும் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிக்கவில்லை என்றால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்குத்தான் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். அவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை அவர் பிள்ளைகளுக்கு உண்டு என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

நம் தோழரின் பாட்டு இன்றும் எங்கோ ஒலிக்கிறது. அதன்மேல் அவர் பெயரை எழுத நாம் பிந்திவிட்டோம். அடுத்தவர் பாட்டுக்குப் பிந்த வேண்டாம்.

ஜெய் பீம்.